பைனாகுலரின் இரு குழல்களும் ஒன்றையே பார்க்கின்றனவா?

தண்ணீர்மலைக் கோயில் வட்டாரத்தில், 1884இல் தொடங்கிய பினாங்குத் தாவரவியல் பூங்காவுக்குப் பறவை பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்கள், பைனாகுலரைக் கையில் கொடுத்து "தெரிகிறதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "ஒன்றாகத் தெரிகிறதா? கண் வலிக்கிறதா?" என்றும் கேட்க வேண்டும்.

கருவியில் பொறித்திருக்கும் 8x42 என்பது எட்டு மடங்கு பெருக்கத்தையும் 42 மில்லிமீட்டர் முன்வில்லையையும் சொல்லும். இரு குழல்களின் பார்வை அச்சுகளும் இணையாக இருக்கின்றனவா என்று சொல்லாது. ஒருமுறை கீழே விழுந்து உள்ளேயிருக்கும் முப்பட்டகம் இம்மியளவு நகர்ந்தாலும் அந்த இணைவு, அதாவது கொலிமேஷன், கெட்டுவிடும். சிறிய பிசகு உடனே வெளியில் தெரியாது. இரண்டு காட்சிகளையும் மூளை இழுத்துப் பிடித்து ஒன்றாக்கிக் காட்டும். கண்கள் உட்புறம் திரும்பப் பழகியவை. வெளிப்புறமாகவோ, ஒன்று மேலும் மற்றொன்று கீழுமாகவோ திரும்ப அவற்றால் அவ்வளவாக முடியாது. அந்தச் சிரமம் தலைவலியில் முடிகிறது. பிள்ளையோ தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று எண்ணிக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

சோதிப்பது எளிது. கடற்கரையில் நின்று தூரத்துப் பினாங்குப் பாலத்தைக் குறிவைத்து, பைனாகுலரைக் கண்ணிலிருந்து அரைச் சாண் தள்ளிச் சாயாமல் பிடிக்க வேண்டும். இரு வட்டங்களிலும் பாலத்தின் கிடைக்கோடு ஒரே உயரத்தில் ஓட வேண்டும். ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்கியிருந்தால் அச்சு பிசகியிருக்கிறது. வீட்டிலேயே திருகாணியைத் தொடாமல், பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

இந்தச் சோதனைக்குத் தூரத்துப் பொருள்தான் வேண்டும். கிட்டத்தில் நல்ல கருவியும் இரட்டையாகக் காட்டக்கூடும்.

தெலுக் பஹாங்கில் 1986இல் வண்ணத்துப்பூச்சிப் பண்ணையாகத் தொடங்கிய என்டோப்பியாவில் இது நன்றாகப் புரியும். இரண்டு மீட்டரில் அமர்ந்த பூச்சியைப் பார்க்க வெறும் கண்கள் ஏறத்தாழ இரண்டு பாகை உட்குவிந்தால் போதும். எட்டு மடங்கு பைனாகுலரில் அந்தக் கோணமும் பெருகி, ஏறக்குறைய 15 பாகையாகிவிடும். முன்வில்லைகள் அகன்று நிற்கும் பழைய போரோ வகையில் சிரமம் இன்னும் அதிகம். அவற்றில் பல, ஐந்தாறு மீட்டருக்குள் தெளிவாகக் காட்டுவதே இல்லை. பென்டாக்ஸ் நிறுவனத்தின் பாப்பிலியோ என்ற பைனாகுலரோ அரை மீட்டர் கிட்டத்திலும் தெளிவாகக் காட்டும். பொருள் நெருங்க நெருங்க அதன் முன்வில்லைகளும் ஒன்றையொன்று நெருங்கும்படி செய்திருக்கிறார்கள்.

ஆகவே பள்ளிகளும் இயற்கை மன்றங்களும் வாங்கும்போது, பெருக்கத்தோடு மிகக் கிட்டத்தில் எவ்வளவு தூரம்வரை தெளிவாகத் தெரியும் என்பதையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு வெளிப்பயணத்துக்கும் முன்பு அச்சைச் சோதிக்க வேண்டும். ஆறில் நான்குதான் தேறுகின்றன என்றால், அந்த நான்கையே பிள்ளைகளுக்கு முறைவைத்துக் கொடுக்கட்டும்.