பேசும் பலகையும் பேசாத காகிதமும்

நெய்வேலித் தொழிலாளிக்கு யந்திரம் புதிதல்ல. 1957-ல் இங்கே சுரங்க வேலை தொடங்கியது. வாளிகள் கோத்த ராட்சசச் சக்கரங்கள் மண்ணை அள்ளி வீசின. 1962-ல் சோவியத் உதவியுடன் எழுந்த அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. ஏர் பிடித்த கைகள் அந்த யந்திரங்களை ஓட்டக் கற்றன. யந்திரத்தைக் கண்டு உழைப்பாளி பயந்ததில்லை. "இது யாருக்குப் பயன்படப் போகிறது?" என்றுதான் கேட்டிருக்கிறான்.

இன்று வேறொரு யந்திரத்தைப் பற்றி அதே கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. அது மடியில் வைத்துக் கொள்ளக் கூடிய ஒரு கண்ணாடிப் பலகை. டேப்லெட் என்கிறார்கள். கண் தெரியாதவருக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். வழவழப்பான கண்ணாடி, விரலில் தட்டுப்பட ஒரு பொத்தான் கூட இல்லை. கேள்வி நியாயமானது போலத்தான் தோன்றும். ஆனால் விஷயம் வேறு.

பார்வையற்றவர் கண்ணாடி மீது விரலை நகர்த்துகிறார். விரலுக்குக் கீழே என்ன இருக்கிறதோ அதைப் பலகை வாய்விட்டுச் சொல்கிறது. வேண்டியது வந்ததும் இரண்டு முறை தட்டினால் திறந்து கொள்கிறது. கடிதம் வந்தால் படித்துக் காட்டுகிறது. தமிழிலும் பேசுகிறது. அச்சிட்ட தாளைக் காமிராவுக்கு முன் பிடித்தால், எழுத்தைக் கண்டறிந்து வாசிக்கும் வசதியும் வந்துவிட்டது. ரூபாய் நோட்டு எத்தனை என்று சொல்ல, 2020-ல் ரிசர்வ் வங்கியே 'மணி' என்ற செயலியை வெளியிட்டது. ஆப்பிள் போனிலும் ஆண்டிராய்டு போனிலும் இந்தப் பேசும் வசதி 2009-லேயே வந்தது. ஐபேட் 2010-ல் வெளிவந்தபோதே அதில் இது இருந்தது. இதற்கெனத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கணினிக்கான பேசும் மென்பொருளை விலைக்கு வாங்கினால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். அந்த விலையை உடைத்தவர்கள் யார்? ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேயும். இருவரும் பார்வையற்றவர்கள். 2006-ல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற அவர்களுடைய மென்பொருளை உலகத்தில் எவரும் இலவசமாக எடுத்துக் கொள்ளலாம்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத செய்தி என்று எண்ண வேண்டாம். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் பார்வைக் குறையுள்ளோர் ஐம்பது லட்சத்திற்கு மேல். பார்வை போவது பிறவியிலேயே என்பதில்லை. உழைக்கும் இடத்திலும் போகிறது. வெல்டிங் பொறியும் இரும்புத் துணுக்கும் சுரங்கத் தொழிலாளிக்குத் தெரியும். களத்தில் நெல் தூற்றும் பெண்ணின் கண்ணில் சுணை விழுகிறது. கசக்கிவிட்டு வேலையைத் தொடர்கிறாள், ஏனெனில் நின்றால் கூலி போகும். கருவிழியில் புண்ணாகிப் பூஞ்சை பற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். 1993-ல் மதுரை மாவட்டத்தில் லட்சம் பேருக்கு 113 பேர் வீதம் கருவிழிப் புண்ணுக்கு ஆளானார்கள் என்று ஆய்வாளர் கணக்கிட்டார்கள். ஊசியும் தோலும் கிடந்த பட்டறையில், மூன்று வயதில், கண்ணில் ஊசி குத்திப் பார்வை இழந்தவர்தான் லூயி பிரெய்ல். குதிரைச் சேணம் தைத்த கைவினைஞரின் மகன். 1824-ல், பதினைந்து வயதில், தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்தை உண்டாக்கினார். அவர் படித்த பள்ளியே அதை முழுமனதாக ஏற்றது 1854-ல். அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து! கண் உள்ள நிர்வாகிகளுக்கு அந்தப் புள்ளிகள் படிக்க வசதியாக இல்லை. தேவைப்படாதவன் தீர்மானிக்கிறான், தேவைப்படுகிறவன் காத்திருக்கிறான். இருநூறு ஆண்டாக இதே கதை.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, அரசு ஸ்தாபனம் எதுவும், பணிக்காலத்தில் ஊனமுற்ற ஊழியரை நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். பொதுத்துறைக்கும் இது பொருந்தும். முன்பெல்லாம் "கண் போனவருக்கு என்ன வேலை கொடுப்பது?" என்று கையை விரிக்கலாம். பேசும் பலகை வந்த பிறகு அந்தச் சாக்கும் போயிற்று. கடிதம் எழுதலாம், கணக்குப் பதியலாம், தொலைபேசியில் பதில் சொல்லலாம். ஆனால் அதே குழியில், அதே தூசியில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் கண் போனால்? பதிவேட்டில் அவர் காண்டிராக்டரின் ஆள். அவருக்கு இந்தப் பாதுகாப்பு கைக்கெட்டவில்லை. கண் இருவருக்கும் ஒன்றுதான். சட்டத்தின் கை மட்டும் ஒருவரோடு நின்றுவிடுகிறது.

இனி, பலகை கையில் இருக்கிறதென்றே வைத்துக் கொள்வோம். அலுவலகத்தின் இணையப் பக்கத்தைத் திறக்கிறார். "பட்டன், பட்டன், பட்டன்" என்கிறது பலகை. எது விண்ணப்பம், எது ரத்து என்று கட்டியவர் பெயர் எழுதி வைக்கவில்லை. கோணல் எழுத்துப் படத்தைப் பார்த்து நிரப்பு என்கிறது ஒரு பக்கம். வங்கிக் கணக்குத் துவங்கக் கண்ணைச் சிமிட்டு என்கிறது மற்றொன்று! அமில வீச்சில் கண் சிதைந்த ஒரு பெண்ணிடமும் இதையே கேட்டார்கள். அவர் தொடுத்த வழக்கும் பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கும் சேர்ந்து, 2025 ஏப்ரல் 30 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: கணினி வழிச் சேவை எட்டுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் அங்கம். இருபது கட்டளைகளையும் பிறப்பித்தது. தருமம் கேட்டுப் பெற்ற தீர்ப்பல்ல இது. உரிமை கேட்டுப் பெற்றது.

தமிழுக்கு இன்னொரு தடையும் உண்டு. பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், கண்ணுக்குத் தமிழாகத் தெரியும்; பலகைக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுதான் அதற்குப் புரியும். தமிழ்நாடு அரசு 2010-லேயே அதைத் தரமாக ஏற்றுக் கொண்டது. ஆயினும் முத்திரை குத்திய காகிதத்தைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டு, "வெளியிட்டுவிட்டோம்" என்று சொல்லும் வழக்கம் ஒழியவில்லை.

சர்க்காரை மட்டும் குறை சொல்லி நாம் தப்ப முடியாது, தோழர்களே! நம் சங்கங்கள் என்ன செய்கின்றன? வாயிற்கூட்ட அறிவிப்பை வண்ணப் படமாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். போனஸ் ஒப்பந்தத்தின் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புகிறோம். பார்வை இழந்த உறுப்பினரின் பலகை "படம்" என்று ஒரே சொல் சொல்லிவிட்டு மௌனமாகிறது. சந்தா கட்டியவருக்கு ஒப்பந்தம் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பள்ளி விட்டு வந்து படித்துச் சொல்லும்வரை காத்திருக்கிறார். இதற்குப் பணம் தேவையில்லை. படத்தோடு நாலு வரி எழுத்தாகவும் அனுப்பினால் போதும். நாளையே செய்யக் கூடிய காரியம்.

பலகையை இனாமாகக் கொடுத்து மேடையில் போட்டோ எடுத்துக் கொள்வது எளிது. அந்தப் பலகை படிக்கத் தக்க எழுத்தைக் கொடுப்பதுதான் கடமை. ஆகவே கேட்கிறோம்: அலுவலகங்களின் அறிவிப்பும் விண்ணப்பமும் பேசும் பலகைக்குப் புரியும் தமிழில் வரட்டும். வேலையில் பார்வை இழந்தவர், நிரந்தரமானாலும் ஒப்பந்தமானாலும், மாற்று வேலையும் பயிற்சியும் பெறட்டும். சங்கத்தின் சுற்றறிக்கை முதலில் சங்கத்திலிருந்தே எழுத்தாக வரட்டும்.

யந்திரம் பேசக் கற்றுக் கொண்டுவிட்டது. அது பேசுவதற்குரியதைக் கொடுக்க வேண்டியது கண்ணுள்ள நாம்தான்.