பாஸும் பொஸ்ஸும்

சென்ற தவணையில் ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணாக்கருக்கு ஆங்கிலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். கந்தோர் ஒன்றிலே புதிதாகப் பணிக்கமர்ந்த இளைஞன் ஒருவனைப் பற்றிய சிறுகதை அன்றைய பாடம். கதையில் நாலைந்து இடங்களில் வந்த சொல்லொன்றைக் கரும்பலகையில் எழுதி, ‘இதன் பொருள் யாது?’ என்று வினவினோம். ‘பொஸ்’ என்பதே அச்சொல்.

‘பெரியவர்’ என்றான் ஒருவன். ‘முதலாளி’ என்றான் மற்றொருவன். ‘மனேச்சர்’ என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. பின்வரிசையில், தகப்பனாரின் தொழில் காரணமாகத் தென்னிலங்கையிலிருந்து வந்து எமது கல்லூரியிற் சேர்ந்து மூன்று மாதங்களே ஆகியிருந்த பையன் ஒருவன் மெல்ல எழுந்து, ‘பாஸ் என்றால் வீடு கட்டுகிறவர் தானே, சேர்?’ என்றான்.

வகுப்பு முழுவதும் நகைத்தது. ‘சோதனை பாஸ்!’ என்று ஒரு குறும்பன் கூவவே நகைப்பு இருமடங்காயிற்று. நாமும் நகைத்தோம் என்பதை வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை. அத்துடன் நின்றோமா? இல்லை. ‘அது பாமரர் ஆங்கிலத்தைத் திரித்து வழங்கும் வழக்கு, நீர் அதை இங்கே கொண்டுவரவேண்டாம், இரும்’ என்று தீர்ப்பும் கூறிவிட்டோம். பையன் இருந்தான். மணி அடிக்கும்வரை அவன் தலை நிமிரவேயில்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியத் தொழில் செய்வோருக்கு ஒரு நோயுண்டு. தெரியாததைத் தெரியாது என்று கூறும் பழக்கம் சிறிது சிறிதாக அற்றுப் போய்விடும். அன்றிரவு எமது மனச்சாட்சி சற்றே உறுத்தவே, அலுமாரியிலிருந்த பெரிய அகராதியை எடுத்துப் புரட்டினோம். புரட்டியபின் நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

ஆங்கிலேயர் ‘பொஸ்’ என்று வழங்குவது ஆங்கிலச் சொல்லே அன்று. அஃது ஒல்லாந்தர் மொழியில் உள்ள ‘பாஸ்’ என்னும் சொல். ஒல்லாந்தர் நாட்டிலே தச்சுப் பட்டடையிலோ, கொல்லர் உலையிலோ, கப்பல் கட்டும் துறையிலோ தொழிலை முற்றக் கற்று, பிறரை வைத்து வேலை வாங்குபவன் ‘பாஸ்’ எனப்பட்டான். அவனுக்குக் கீழே நின்று வேலை செய்பவன் ‘கினெக்ட்’, அதாவது கையாள். பாஸ் என்பவன் முதலில் தொழில் தெரிந்தவன், தெரிந்தவனாதலின் தலைவன்.

இச்சொல் கடல் கடந்த கதைதான் எம்மை உறங்கவிடாது செய்தது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒல்லாந்தரின் கப்பல்கள் செல்லாத கடல் இல்லை. தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலே 1652ஆம் ஆண்டில் அவர்கள் குடியேறினர். 1656இற் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அமெரிக்கக் கரையில் அவர்கள் அமைத்திருந்த நியூ ஆம்ஸ்டர்டாம் என்னும் பட்டினம் 1664இல் ஆங்கிலேயர் கைக்கு மாறி, நியூயோர்க் எனப் பெயர் பெற்றது. பட்டினத்தின் பெயர் மாறியபோதும், அங்கே குடியிருந்த ஒல்லாந்தக் குடும்பங்களின் பேச்சு உடனே மாறிவிடவில்லை. இவ்வாறு ஒரே சொல் மூன்று கரைகளில் இறங்கிற்று. மூன்று கரைகளிலும் அதற்கு வாய்த்த வாழ்வோ வெவ்வேறு.

அமெரிக்காவில் நிகழ்ந்தது வேடிக்கையானது. அங்கே அடிமைகள் தம்மை உடையவனை ‘மாஸ்டர்’ என்று அழைத்தனர். கூலிக்கு வேலை செய்த வெள்ளையருக்கு அதே சொல்லைத் தம் வாயால் கூற நாணமாயிருந்தது. ‘நாம் அடிமைகளல்லேம்’ என்று காட்ட வேண்டும். மேலே இருப்பவனுக்கு ஒரு பெயரும் வேண்டும். ஆகவே அயலில் வழங்கிய ஒல்லாந்தச் சொல்லை எடுத்துக்கொண்டனர். ஜேம்ஸ் பெனிமோர் கூப்பர் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1838ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றிலே இதனை எள்ளி நகையாடினார். எசமான் என்ற சொல்லை வெறுத்தவர்கள், ஒல்லாந்தர் மொழியில் அதே பொருளைத் தரும் சொல்லைத் தேடிப் பிடித்துக்கொண்டார்களே என்பது அவர் வியப்பு. கூப்பர் கூறியது சரியே. எனினும், கைகட்டி நிற்க மனமில்லாதவன் தன் நாவையாவது நிமிர்த்திக்கொள்ள விரும்பியதில் எமக்கு அனுதாபமே உண்டு.

பின்னர் அச்சொல்லின் நிறம் சிறிது கறுத்தது. நியூயோர்க் நகரின் அரசியலைத் தன் கைக்குள் வைத்துப் பொதுப்பணத்தைச் சூறையாடி, 1878இற் சிறையிலே உயிர் துறந்த துவீட் என்பவனைப் ‘பொஸ் துவீட்’ என்றே வரலாறு குறிக்கின்றது. பிறரை ஓயாது ஏவித் திரிபவரைக் குறிக்க இச்சொல்லிலிருந்தே ஒரு பெயரடையும் பிறந்தது. வீட்டிலே தம்பியரை ஆட்டிவைக்கும் மூத்த பெண்பிள்ளைகளுக்கு அவ்வடை பெரும்பாலும் சூட்டப்படுகின்றது. அதே வேலையைச் செய்யும் ஆண்பிள்ளைகளைப் ‘பொறுப்புள்ளவன்’ என்கிறோம்.

தென்னாபிரிக்காவில் நிகழ்ந்தது வேடிக்கையன்று. அங்கே ‘பாஸ்’ என்பது கறுப்பின மக்கள் வெள்ளையனை விளிக்க வேண்டிய சொல்லாயிற்று. நரைத்த தலையோடு நிற்கும் தொழிலாளி, பண்ணைக்காரனின் சின்னஞ்சிறு மகனையும் ‘சின்ன பாஸ்’ என்று பொருள்படும் சொல்லால் அழைக்கவேண்டியிருந்தது. ‘பாஸ்கப்’, அதாவது பாஸாக இருக்கும் தன்மை, என்பதே அந்நாட்டின் அரசியற் கொள்கைக்குப் பெயராகவும் வழங்கிற்று. 1954 முதல் 1958 வரை பிரதமராயிருந்த ஸ்திரைடம் அதனை ஒளிவு மறைவின்றி முழங்கினார். எல்லா இனத்தவரும் வாக்களித்த தேர்தல் 1994இல் நடைபெறும்வரை அந்த ஆட்சிமுறை முற்றாக ஒழியவில்லை. தொழில் தெரிந்தவன் என்ற பொருள் முழுதும் உதிர்ந்து, தோலின் நிறம் ஒன்றே எஞ்சி நின்றது.

நமது கரைக்கு வருவோம். ஒல்லாந்தர் இந்நாட்டை விட்டகன்று இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அவர்தம் சொற்கள் நம் வீடுகளிலே குடியிருக்கின்றன. கந்தோர் அவர்கள் தந்தது. மேசையின் லாச்சி அவர்கள் தந்தது. கறிக்கு நறுக்கும் போஞ்சியும், வளவின் மூலையில் நின்ற கக்கூசும் (பெயரைத்தான் கூறுகின்றோம்) அவ்வழி வந்தவையே. இவற்றோடு ‘பாஸ்’ என்பதும் வந்தது. சிங்கள மக்கள் அதனைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டனர். மேசன் வேலை செய்பவர், தச்சு வேலை செய்பவர், இக்காலத்தில் மோட்டார் திருத்துபவர்கூட அவர்களிடையே ‘பாஸ்’. அவரிடம் தொழில் பழகும் இளைஞனைக் ‘கோலயா’ என்பர். சீடன் என்பது அச்சொல்லின் பொருள். தென்னிலங்கையில் வாழும் தமிழரும் மேசன் பாஸ் என்றும் பாஸ்மார் என்றும் கூறுவர். யாழ்ப்பாணத்திலே ‘மேசன்’ என்று ஆங்கிலச் சொல்லையே கூறிப் பழகிவிட்டோம். தமிழ்நாட்டிலோ ‘மேஸ்திரி’ என்று போர்த்துக்கேயச் சொல்லைக் கூறுகின்றனர். ஆகவேதான் எமது வகுப்பிற்குப் பையனின் விடை விநோதமாய்ப் பட்டது.

உண்மை என்னவெனில், அவன் கூறிய பாஸ் ஆங்கிலத்தின் வாயிற்படியை மிதிக்கவேயில்லை. அது நேரே ஒல்லாந்தரின் நாவிலிருந்து நமது தீவுக்கு வந்தது. அமெரிக்கா சென்று வேஷம் மாற்றி ஆங்கிலம் புகுந்து பின்னர் நமது கந்தோர்களுக்கு வந்து சேர்ந்தது பொஸ். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று குலத்தொழிலை விடாதது. மற்றது மேசைக்குப் பின்னே சுழல்நாற்காலியில் அமர்ந்துவிட்டது. நாம் கற்பித்தது பின்னையதை, நகைத்தது முன்னையதை.

வழக்கிலும் இவ்விரண்டிற்கும் வேறுபாடு உண்டு. கந்தோரில் எவரும் மேலதிகாரியின் முகத்துக்கு நேரே ‘பொஸ்’ என்பதில்லை. நேரே ‘சேர்’ அல்லது ‘மடம்’, அப்பால் நகர்ந்ததும் ‘பொஸ்’. ‘பொஸ் இன்றைக்கு நல்ல குணத்தில் இல்லை’ என்பதே அச்சொல் மிகுதியாகப் பயிலும் வாக்கியம் என எண்ணுகிறோம். பாஸ் அப்படியன்று, முகத்துக்கு நேரே மரியாதையோடு கூறப்படுவது. தமிழ்நாட்டில் ஆங்கிலச் சொல்லையே ‘பாஸ்’ என்று நெடிலாக ஒலிக்கின்றனர். தேநீர்க் கடையில் அறிமுகமில்லாதவரையும் ‘பாஸ், கொஞ்சம் நகருங்கள்’ என்பர். அங்கே யாவரும் பாஸ். இதுவும் ஒருவகைச் சமத்துவந்தான்.

இதற்குத் தமிழ் என்ன என்று கேட்பார் உளர். முதலாளி எனின், மூலையில் மண்ணெண்ணெய் விற்பவரும் நம் நாட்டில் முதலாளி. தலைவன் எனலாமோ? அகத்திணை கற்ற மாணாக்கன் உடனே தோழியைத் தேடுவான். துரை என்பது தோட்டங்களின் நினைவைக் கிளறும். அதனை மீட்டெடுக்க நமக்கு விருப்பமில்லை. மேலதிகாரி என்பதே பொருந்தும் போலும். ஆனால், அதிலே மேலும் அதிகாரமும் உள. தொழில் எங்கே உளது?

மறுநாள் வகுப்பிற்குச் சென்று, நேற்று நாம் கூறியது பிழை என்று கூறி, கப்பல்களின் கதையையும் விரித்தோம். பையன் எழுந்து, ‘அப்படியானால் எங்கட சொல்லுத்தான் மூத்ததா, சேர்?’ என்றான். ‘ஆம்’ என்றோம். ‘அப்பா பாஸ் தான், சேர்’ என்று கூறிவிட்டு அமர்ந்தான். இம்முறை ஒருவரும் நகைக்கவில்லை.

தவணை முடிவிற் பெற்றாரைச் சந்திக்கும் நாளன்று அவனுடைய தகப்பனார் வந்தார். வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். சுண்ணாம்பு அரித்த விரல்களை மறைப்பவர்போற் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ‘வாருங்கள் பாஸ், இருங்கள்’ என்றோம். அவர் சிறிது திகைத்து, பின் முறுவலித்து அமர்ந்தார். மகனின் புள்ளிகளைப் பற்றி நாம் கூறியவற்றையெல்லாம் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாரெனினும், அவருடைய கண்கள் எமக்குப் பின்னாலிருந்த சுவரை அடிக்கடி நாடின. எழுந்து விடைபெறும்போது ஒரு கண்ணை மூடி அதனை மீண்டும் ஒருமுறை நோக்கினார்.

‘குறை நினைக்காதேயுங்கோ, சேர். இந்தச் சுவர் தூக்கில் இல்லை. மழைக்கு முதல் ஒருக்கால் பார்க்க வேணும்.’

பதினொரு ஆண்டுகளாக அச்சுவரிற் சாய்ந்துகொண்டுதான் நாம் பாடம் நடத்தி வருகின்றோம்.