வீட்டுக்கு ஏன் பெரிய எழுத்து?



பாடசாலையால் வந்த பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியைத் திறந்தால் எங்கும் சிவப்புக் கோடுகள். சொற்கள் சரி, எழுத்துக்கூட்டலும் சரி. ஆனால் நாய், மேசை, வீடு எல்லாவற்றுக்கும் முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறது பிள்ளை. "கவனமில்லை" என்று ஏசுவதற்கு முன் சற்றுப் பொறுங்கள். டொச் பாடத்தைக் கவனமாகப் படித்ததால் வந்த பிழை இது.

டொச்சில் எந்தப் பெயர்ச்சொல்லானாலும் முதலெழுத்து பெரிய எழுத்துத்தான். டென்மார்க்கில் இதே வழக்கத்தை 1948இல் கைவிட்டார்கள். ஜேர்மனியிலோ 1996இல் எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோதும் இதை மாற்றவில்லை. ஆங்கிலத்தில் வசனத்தின் நடுவில் வரும் பெயர்ச்சொல், சிறப்புப்பெயராக இருந்தால் மட்டுமே பெரிய எழுத்தில் தொடங்கும். 'ஹவுஸ்' என்றால் இரண்டு மொழியிலும் வீடுதான். ஒலியும் ஏறக்குறைய ஒன்று. டொச்சில் அதற்குப் பெரிய எழுத்து, ஆங்கிலத்தில் சிறிய எழுத்து. பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

"எங்களுக்கு டொச்சும் தெரியாது, ஆங்கிலமும் மட்டுமட்டு. எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று கேட்பீர்கள். இது நாம் ஊரில் தமிழிலேயே படித்த பாடம். ஆறு பொதுப்பெயர், றைன் சிறப்புப்பெயர். நகரம் பொதுப்பெயர், ஹம் சிறப்புப்பெயர். கோயில் பொதுப்பெயர், ஹம்மில் உள்ள ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் சிறப்புப்பெயர்.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. "மலர் வாடியது", "மலர் வந்தாள்" என்றால் எது பூ, எது பெண்பிள்ளை என்று வசனமே காட்டிவிடும். ஆங்கிலத்தில் முதலெழுத்தும் அந்த வேலையைச் செய்கிறது. 'பேக்கர்' என்பதைச் சிறிய எழுத்தில் தொடங்கினால் பாண் போடுபவர். பெரிய எழுத்தில் தொடங்கினால் பேக்கர் என்று பெயருள்ள ஒருவர்.

ஆகவே பிள்ளையிடம் தமிழிலேயே கேளுங்கள்: "இது எல்லாவற்றுக்கும் பொதுவான சொல்லா, இந்த ஒன்றுக்கென்று வைத்த பெயரா?" வைத்த பெயர் என்றால் பெரிய எழுத்து.

இன்னும் மூன்றை நினைவில் வைப்போம்.

1. கிழமை நாட்கள், மாதங்கள், மொழிகள், நாட்டினங்கள் ஆகியவற்றின் பெயர்கள் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கும். கோடை, மாரி போன்ற பருவங்களுக்குச் சிறிய எழுத்து.

2. 'தமிழ்ப் புத்தகம்' என்று எழுதும்போது 'தமிழ்' என்பதற்கு டொச்சில் சிறிய எழுத்து; ஆங்கிலத்தில் அங்கும் பெரிய எழுத்து.

3. 'நான்' என்பதற்கு ஆங்கிலத்தில் எப்போதும் பெரிய எழுத்து. டொச்சில் வசனத்தின் தொடக்கத்தில் மட்டுமே.

இன்றிரவு சாப்பாட்டு மேசையில் பத்துச் சொற்களைச் சொல்லிப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். இங்கே கடிதம் வாசிக்கவும் கந்தோரில் கதைக்கவும் நாம் பிள்ளைகளைத்தான் கூட்டிக்கொண்டு போகிறோம். அம்மா அப்பாவிடமும் கேட்டுப் படிக்கலாம் என்று ஒரு நாளாவது அவர்கள் அறியட்டும்.