விற்கும் நாளில் வாங்கிய விலை எதற்கு?

மும்பை செம்பூரில் என் சித்தப்பாவின் வீட்டில் ஞாயிறு காலைகளில் ஐந்தாறு பேர் கூடுவது வழக்கம். அனைவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். ஓய்வின்போது கிடைத்த தொகையில் ஒரு பகுதியைப் பங்குச் சந்தையில் வைத்திருப்பவர்கள். முதலீட்டாளர்களின் மனப்போக்கைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவன் என்பதால் எனக்கும் அங்கே ஓர் ஓரத்தில் இடம் உண்டு. பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: வளர்ந்துகொண்டிருக்கும் நிறுவனத்தின் பங்கை எப்போது விற்பது?

அங்கே இரண்டு கட்சிகள். “நல்ல பங்கை விற்கவே கூடாது, விற்றவன் எல்லாம் பிறகு வருந்தினான்” என்பது முதல் கட்சி. “கைக்கு வந்தால்தான் இலாபம்; திரையில் தெரிவது வெறும் எண்” என்பது இரண்டாவது கட்சி. சித்தப்பா வாரத்துக்கு ஒரு கட்சியில் இருப்பார்.

இரண்டு மாதங்களுக்கு முன் அவருக்கு மூட்டு அறுவை சிகிச்சைக்காக நான்கு இலட்சம் ரூபாய் தேவைப்பட்டது. அந்தத் தொகையைத் தரக்கூடிய பங்குகள் அவரிடம் இரண்டு இருந்தன. ஒன்று வாங்கிய விலையைப்போல் மூன்று மடங்கு ஆகியிருந்த மருந்து நிறுவனப் பங்கு. அதன் விற்பனையும் இலாபமும் ஆண்டுதோறும் கூடிக்கொண்டிருந்தன. மற்றொன்று வாங்கிய விலையில் பாதிக்கு இறங்கியிருந்த கட்டுமான நிறுவனப் பங்கு. அதன் கடன்தான் கூடிக்கொண்டிருந்தது. சித்தப்பா முதலாவதை விற்றார். ஏன் என்று கேட்டேன். “நஷ்டத்துல எப்படிப்பா விக்கிறது? வாங்கின விலையாவது வரட்டும்” என்றார்.

அந்த மருந்துப் பங்கு நாளை இறங்கலாம், கட்டுமானப் பங்கு ஏறலாம். ஆகவே அவருடைய முடிவு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அவர் சொன்ன காரணம் தவறு. அந்த ஒரு காரணத்தைப் பற்றியே இந்தப் பதிவு.

இது சித்தப்பாவின் தனிப்பட்ட பலவீனம் அன்று. 1985ஆம் ஆண்டிலேயே ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெய்ர் ஸ்டாட்மன் என்ற இரு அறிஞர்கள் இந்தப் போக்கைச் சுட்டிக்காட்டினார்கள்: ஏறிய பங்கை விரைந்து விற்போம், இறங்கிய பங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருப்போம். டெரன்ஸ் ஓடியன் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் 10,000 கணக்குகளை 1987 முதல் 1993 வரை ஆராய்ந்தார். இலாபத்தில் இருந்த வாய்ப்புகளில் 14.8 விழுக்காட்டை முதலீட்டாளர்கள் விற்றுப் பணமாக்கியிருந்தார்கள். நட்டத்தில் இருந்தவற்றில் 9.8 விழுக்காட்டை மட்டுமே விற்றிருந்தார்கள். அவர்கள் விற்ற பங்குகள், விற்காமல் வைத்துக்கொண்ட நட்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக ஈட்டின என்பது அந்த ஆய்வின் கசப்பான பகுதி.

நம் நாடு இதற்கு விலக்கல்ல. 2021 ஏப்ரல் முதல் 2023 டிசம்பர் வரை பட்டியலிடப்பட்ட 144 புதிய பங்கு வெளியீடுகளை ஆராய்ந்து செபி 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இருபது விழுக்காட்டுக்கு மேல் ஏறிய பங்குகளில், தனிநபர்கள் தமக்குக் கிடைத்தவற்றில் மதிப்பளவில் 67.6 விழுக்காட்டை ஒரு வாரத்துக்குள் விற்றுவிட்டார்கள். இறங்கிய பங்குகளில் அவர்கள் விற்றது 23.3 விழுக்காடு மட்டுமே. நிறுவனம் எது, தொழில் எது என்பதைப் பார்க்க ஒரு வாரம் போதாது. அந்த ஒரு வாரத்தில் தீர்மானித்தது பச்சை நிறமும் சிவப்பு நிறமுமே.

வாங்கிய விலை நம் நினைவில் மட்டுமே இருக்கும் ஓர் எண். நிறுவனத்துக்கு அது தெரியாது. சந்தைக்கும் தெரியாது. அந்தப் பங்கை 800 ரூபாய்க்கு வாங்கியவருக்கும் 200 ரூபாய்க்கு வாங்கியவருக்கும் நாளைய விலை ஒன்றுதான். வரிக் கணக்கைத் தவிர வேறு எதிலும் அந்த எண்ணுக்கு வேலை இல்லை. வரிக் கணக்கிலும் சித்தப்பாவின் முடிவு அவருக்கு எதிராகவே போயிற்று. 2024 ஜூலை 23 முதல், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் பட்டியலிட்ட பங்குகளின் ஆதாயத்தில் ஆண்டுக்கு 1.25 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 12.5 விழுக்காடு வரி. மூன்று மடங்கான பங்கில் நான்கு இலட்சத்துக்கு விற்றால் ஆதாயம் ஏறத்தாழ 2.67 இலட்சம், செஸ் சேர்த்து வரி 18,000 ரூபாயைத் தாண்டும். நட்டத்தில் இருந்ததை விற்றிருந்தால் வரி இல்லை. அந்த நீண்டகால நட்டத்தை எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச்சென்று, பின்னர் வரும் நீண்டகால ஆதாயத்தில் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. நட்டத்தை ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்காக அவர் 18,000 ரூபாய் கட்டினார்.

அப்படியானால் “விற்கவே கூடாது” என்ற முதல் கட்சி வென்றுவிட்டதா? அவர்களுடைய வாதத்தில் உண்மை இருக்கிறது. ஹென்ட்ரிக் பெசெம்பைண்டர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தையில் இருந்த ஏறத்தாழ 26,000 பங்குகளைக் கணக்கில் எடுத்தது. அரசின் குறுகியகாலக் கடன் பத்திரங்களுக்கு மேலாக அந்தச் சந்தை உருவாக்கிய செல்வம் முழுவதும் வெறும் நான்கு விழுக்காட்டு நிறுவனங்களிலிருந்து வந்தது. அந்த நால்வரில் ஒருவரை இரண்டு மடங்கானதும் விற்றுவிட்டவருக்கு ஏற்பட்ட இழப்பை, மற்ற தொண்ணூற்றாறில் காட்டிய சாமர்த்தியம் ஈடுசெய்யாது. நம் ஓசூரில் இருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லலாம். டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தில் டிட்கோ இன்றும் 27 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருக்கிறது. நாற்பது ஆண்டுகளில் அந்தப் பங்கு எத்தனையோ முறை “மிகவும் ஏறிவிட்டது” என்று சொல்லப்பட்டிருக்கும்.

ஆனால் இதே வாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நான்கு விழுக்காடு செல்வத்தை உருவாக்கியது என்றால், எதை வைத்திருந்தாலும் காத்திருப்பவன் வெல்வான் என்று பொருளாகாது. அதே ஆய்வில், அந்தக் கடன் பத்திரங்களைவிட வாழ்நாளில் கூடுதலாக ஈட்டிய பங்குகள் 42.6 விழுக்காடு மட்டுமே, பாதிக்கும் குறைவு. யெஸ் பேங்க் பங்கு 2018 ஆகஸ்டில் 400 ரூபாயை நெருங்கியிருந்தது. அப்போது அதுவும் வேகமாக வளரும் தனியார் வங்கி என்றே போற்றப்பட்டது. 2020 மார்ச் 5 அன்று அதன்மீது தடைக்காலம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் புதிய பங்குகள் 12 ரூபாய்க்கு வெளியிடப்பட்டன. இடையில், நூறு பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்களின் கையிருப்பில் 75 விழுக்காடு மூன்று ஆண்டுகளுக்கு முடக்கி வைக்கப்பட்டது. விற்கலாமா வேண்டாமா என்று விவாதிக்கும் உரிமைகூட அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. “விற்கவே கூடாது” என்பவர்கள் டைட்டனை நினைத்துப் பேசுகிறார்கள். அவர்களுடைய கணக்கில் இருப்பது வேறு ஏதோ ஒன்று.

மூன்றாவதாக ஒரு சூழல் உண்டு. அது இன்னும் நுட்பமானது: நிறுவனம் நல்லது, இலாபமும் வளர்கிறது, ஆனாலும் பங்கு நமக்கு எதையும் தராது. ஒரு பங்கின் விலை, அது ஆண்டொன்றுக்கு ஈட்டும் இலாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதைப் பி.இ. விகிதம் என்கிறோம். நூறு மடங்கு பி.இ.யில் ஒரு பங்கை வாங்குகிறோம் என வைத்துக்கொள்வோம். நிறுவனம் ஆண்டுக்கு 20 விழுக்காடு வீதம் பத்து ஆண்டுகள் தவறாமல் இலாபத்தைப் பெருக்குகிறது. மிகச் சிலரே செய்யக்கூடிய சாதனை அது. இலாபம் ஏறத்தாழ 6.2 மடங்காகிவிடும். அதன்பின் வளர்ச்சி சற்றுத் தணிந்து சந்தை அதற்கு முப்பது மடங்கு விலை கொடுத்தால், நம் பணம் 1.86 மடங்கு ஆகும். ஆண்டுக்கு 6.4 விழுக்காடு. வங்கி வைப்புநிதியில் போட்டுவிட்டு உறங்கியிருந்தாலும் அதை ஒட்டிய தொகை வந்திருக்கும். வளர்ச்சி 15 விழுக்காடாக இருந்தால் ஆண்டுக்கு இரண்டு விழுக்காடுகூடத் தேறாது. அதே நிறுவனத்தை நாற்பது மடங்கில் வாங்கியிருந்தால், 20 விழுக்காட்டு வளர்ச்சி ஆண்டுக்கு 16 விழுக்காட்டுக்கு மேல் தந்திருக்கும்.

இது ஏட்டுக் கணக்கு அன்று. ஏஷியன் பெயின்ட்ஸ் பங்கு 2022 ஜனவரியில் 3,500 ரூபாயைத் தொட்டபோது அதன் பி.இ. நூறைத் தாண்டியிருந்தது. 2021-22 நிதியாண்டில் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாயாக இருந்த நிகர இலாபம், 2023-24இல் 5,400 கோடியைத் தாண்டியது. இரண்டே ஆண்டுகளில் எண்பது விழுக்காட்டு வளர்ச்சி. ஆயினும் 2024 மார்ச் இறுதியில் பங்கின் விலை 3,000 ரூபாய்க்குக் கீழே இருந்தது. நிறுவனம் யாரையும் ஏமாற்றவில்லை. வரவிருந்த வளர்ச்சிக்கான விலையை 2022இலேயே முதலீட்டாளர்கள் முன்பணமாகக் கொடுத்துவிட்டிருந்தார்கள். பின்னர் புதிய போட்டி நிறுவனம் களத்தில் இறங்கி, 2024-25இல் இலாபமும் சரிந்தபோது, அந்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்க யாரும் இல்லை.

ஆகவே இரண்டு கட்சிகளும் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பது என் கருத்து. ஒரு கட்சி பங்கின் புகழைப் பார்க்கிறது. மற்றது வாங்கிய விலையைப் பார்க்கிறது. பார்க்க வேண்டியவை இரண்டு: இதை எதற்காக வாங்கினோமோ அந்தக் காரணம் இன்றும் உயிரோடு இருக்கிறதா? இன்றைய விலை எத்தனை ஆண்டு வளர்ச்சியை முன்கூட்டியே விழுங்கியிருக்கிறது?

காரணம் செத்துவிட்டால், விலை எங்கே இருந்தாலும் விற்க வேண்டியதுதான். காரணம் உயிரோடு இருந்து, விலை மட்டும் மிதமிஞ்சிப் போயிருந்தால், முழுவதையும் விற்றுவிடாமல் ஒரு பகுதியைக் குறைப்பதே அறிவுடைமை என்று நினைக்கிறேன். அந்த நான்கு விழுக்காட்டு நிறுவனம் இதுவாகவே இருந்துவிட்டால் என்ற ஐயத்துக்கு அது இடம் விடுகிறது. மிதமிஞ்சிய விலை என்பதைத் துல்லியமாக அளக்க முடியாது என்று நண்பர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் மேலே நான் போட்ட கணக்கை யாரும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். விடை வைப்புநிதி வட்டியை எட்டவே வரலாற்றில் அரிதான வளர்ச்சி தேவைப்படும் என்றால், அந்த விலையில் நாம் முதலீட்டாளராக இல்லை, இன்னும் கூடுதல் விலை கொடுக்க வருபவருக்காகக் காத்திருக்கிறோம்.

பணத் தேவைக்காக விற்கும்போது எதை விற்பது? அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. இந்தப் பங்கு என்னிடம் இல்லை, அதற்குரிய பணம் கையில் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். இன்றைய விலையில் இதை வாங்குவீர்களா? இல்லை என்பது விடையானால், விற்க வேண்டிய பங்கு அதுவே.

இதை ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்? 2020 மார்ச்சில் இந்தியாவில் சுமார் நான்கு கோடி டீமேட் கணக்குகள் இருந்தன. 2024 மார்ச்சில் பதினைந்து கோடி. இடைப்பட்ட காலத்தில் வந்தவர்களில் பலர் ஏறுகின்ற சந்தையை மட்டுமே பார்த்தவர்கள். வாங்குவதற்கு அவர்களுக்கு ஆயிரம் ஆலோசகர்கள் இருந்தார்கள். விற்பதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தப் பணத்தில் ஒருவருடைய மகளின் கல்லூரிக் கட்டணமும், இன்னொருவருடைய முழங்கால் அறுவை சிகிச்சையும் இருக்கின்றன.

சித்தப்பா இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார். சென்ற ஞாயிறு நான் அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, கையிலுள்ள பதினொரு பங்குகளில் ஒவ்வொன்றையும் ஏன் வாங்கினார் என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். நான்குக்கு எழுதினார். ஏழுக்கு முன்னால் பேனா நின்றுவிட்டது. சிறிது நேரம் கழித்து, “அப்போ எல்லாரும் வாங்கினாங்க, நானும் வாங்கினேன்” என்றார். அந்த ஏழில் கட்டுமானப் பங்கும் ஒன்று.

அதை அவர் இன்னும் விற்கவில்லை. ஆனால் வாங்கிய விலை வரட்டும் என்று சொல்வதை நிறுத்தியிருக்கிறார். அந்தப் பங்குக்கு நேரே நோட்டில் எழுதியிருப்பது ஒரு கேள்வி: அடுத்த இரண்டு காலாண்டுகளில் கடன் குறைகிறதா? குறையாவிட்டால் விற்றுவிடுவாராம். எந்த விலையாக இருந்தாலும்.

(இப்பதிவில் குறிப்பிட்ட நிறுவனங்கள் எடுத்துக்காட்டுகளே. எதையும் வாங்கவோ விற்கவோ நான் பரிந்துரைக்கவில்லை. மாற்றுக் கருத்துள்ள நண்பர்கள் கணக்கோடு வந்து வாதிடுங்கள். கற்றுக்கொள்ள ஆவலாக இருக்கிறேன்.)