சுரம் என்னும் ஒரு சொல்

செய்யுளில் அருஞ்சொல் ஒன்றைக் கண்டால் நாம் அகராதியை நாடுகிறோம். அது தேவையே, ஆயினும் அதனோடு அமைந்துவிடுதல் போதாது. அச்சொல் எம்மரபில் வளர்ந்தது, கேட்டோர் உள்ளத்தில் எந்நினைவுகளை எழுப்பியது என்பனவும் ஆராயத்தக்கன.

சில ஆண்டுகளுக்கு முன் சீறாப்புராணம் நடத்துகையில் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அரபு நாட்டில் இத்துணை நெல்வயல்கள் ஏது? உமறுப் புலவர் தவறிழைத்துவிட்டாரே!" என்றார். "அது கவிஞர்க்குரிய உரிமை" என்று கூறி மேலே சென்றேன். அவ்விடை நெடுநாள் என் மனத்தை உறுத்திற்று. உரிமை என்று சொல்லுங்கால் புலவரின் அறியாமையை நாம் பொறுத்துக்கொண்டது போலாகிறது. அவரோ அறியாதவர் அல்லர்.

நாட்டுப்படலத்தில் வயல்வளம் பாடிய அதே புலவர், விலாதத்துக் காண்டத்தில் 'சுரத்திற் புனலழைத்த படலம்' பாடியுள்ளார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கதீஜா நாயகியாரின் (ரலி) வணிகப் பொருளுடன் ஷாம் நாட்டுக்குச் செல்லும் வழியில், நீரின்றி வணிகர் கூட்டம் வாடிய நிகழ்ச்சி அங்கு இடம்பெறுகிறது. பாலையின் வெம்மையை அவர் நன்கு உணர்ந்தவர் என்பதற்கு இஃதொன்றே சான்றாகும்.

இங்குச் 'சுரம்' என்னும் சொல் நோக்கத்தக்கது. அகராதி அதற்கு வறண்ட வழி என்று பொருள் கூறும். சங்க இலக்கியம் பயின்றவர்க்கோ அது பாலைத்திணையையே கண்முன் நிறுத்தும். பொருள்வயிற் பிரிந்து செல்லும் தலைவன், நீர் காணா யானை, வழிப்பறிக்கும் கள்வர், இல்லில் காத்திருக்கும் தலைவி ஆகிய அனைத்தும் அவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளன. ஷாம் பயணமும் பொருள்வயிற் சென்ற பயணமே. அரபு நாட்டு வரலாற்றைத் தமிழ் நெஞ்சில் பதிக்க இதனினும் பொருத்தமான சொல் வேறு உண்டோ?

நெல்வயலும் இவ்வாறே. நாட்டுவளம் பாடுதல் பெருங்காப்பிய இலக்கணம். கம்பர் கோசலத்தைப் பாடியபோதும், வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதேயாவைப் பாடியபோதும் தமிழ்நாட்டு மருதவளத்தையே காட்டினர். அவர்களிடம் மரபு எனப் போற்றுவதை உமறுப் புலவரிடம் மட்டும் பிழை எனல் நடுநிலை ஆகாது.

நம் சமுதாயப் பெரியோருட் சிலர்க்கு வேறொரு தயக்கம் உண்டு. நபிபெருமானாரின் திருவடியைத் தாமரை மலராகப் பாடுதல் மார்க்கத்திற்கு ஒக்குமோ என்பர். அவர்தம் அக்கறை மதிக்கத்தக்கதே. எனினும் மலரடி என்பது தமிழில் அரசர்க்கும் ஆசிரியர்க்கும் சான்றோர்க்கும் வழங்கிவரும் மதிப்புரை; அதுவே வணக்கம் ஆகிவிடாது. வணக்கம் ஏக இறைவனுக்கே உரியது என்பதில் புலவர் உறுதியாக நின்றார். தீன், கலிமா, ஈமான் ஆகிய கொள்கைச் சொற்களை அரபிலிருந்தே எடுத்தாண்டதும் அதனாலன்றோ? கொள்கைக்கு அரபுச் சொல், உணர்வுக்குத் தமிழ்ச் சொல் என அவர் அளந்தே கையாண்டார்.

இன்றும் தமிழ் முஸ்லிம்கள் தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்றே வழங்குகிறோம். அவை வேற்று வழக்கிலிருந்து நம்மிடம் வந்தவை என்று எவரும் எண்ணுவதில்லை. நோன்பு என்னும் சொல்லைச் சமணரும் பௌத்தரும் வைணவரும் கையாண்டனர், நாமும் கையாள்கிறோம். ஒரு சொல் பல வீடுகளில் வாழ்வதால் எவ்வீட்டார்க்கும் இழுக்கில்லை.

எனவே, மாணவச் செல்வங்களே! தேர்வுக் குறிப்பேடு தரும் ஒற்றைவரிப் பொருளோடு நின்றுவிடாதீர்கள். பிழை போல் தோன்றும் இடத்தில் சற்றே நின்று, 'புலவர் இச்சொல்லை ஏன் தேர்ந்தார்?' என்று கேளுங்கள். அன்று வினவிய மாணவர் இன்று எங்கிருக்கிறாரோ அறியேன். அவருக்கு நான் அன்றே தந்திருக்க வேண்டிய விடை இதுவே.