வியட்நாம் போகலாமா அம்மா? நான்கு ஊர் வேண்டாம், இரண்டு போதும்!

நாமக்கல்லில் இருக்கும் அம்மாவுக்கு 58 வயது. இதுவரை போனதில் தூரமான ஊர் ராமேஸ்வரம்தான். முதல் வெளிநாட்டுப் பயணமாக வியட்நாம் கூட்டிப்போகலாம் என்று ஒரு டூர் பேக்கேஜ் பார்த்தேன். ஐந்து இரவு, நான்கு ஊர், இரண்டு வேளையும் 'இந்தியன் ஃபுட்'. போனில் படித்துக் காட்டினேன்.

"ஏங்கண்ணு, அங்க போயும் சாம்பார் சாதமா? இந்த மூட்டு வலியோட தினமும் பெட்டி கட்டோணுமா?" என்றார்.

நியாயம்தானே! பேக்கேஜை விட்டுவிட்டு நானே திட்டம் போட்டேன். ஏழு இரவு, இரண்டே ஊர்.

சைகோனில் மூன்று இரவு

இன்றைய பெயர் ஹோ சி மின் நகரம். பென் தான் மார்க்கெட் பக்கத்திலேயே மாரியம்மன் கோயில். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு பிழைக்கப் போன தமிழர்கள் கட்டியது. இன்று வியட்நாம் மக்களும் ஊதுபத்தி ஏந்தி அம்மனைக் கும்பிடுகிறார்கள்.

ஒருநாள் கு சி சுரங்கங்கள். போரில் கெரில்லா வீரர்கள் பதுங்கிய இடம். மூட்டு வலிக்காரர்கள் உள்ளே இறங்க வேண்டாம். ஆனால், வெளியே அவர்கள் தரும் தட்டை விடக் கூடாது. அவித்த மரவள்ளி, அதாவது நம்ம ஊர் குச்சிக்கிழங்கு! தொட்டுக்கொள்ள வேர்க்கடலை, எள், உப்பு, சர்க்கரை சேர்த்த பொடி. சேலத்தில் ஜவ்வரிசியாகும் அதே கிழங்குதான் அங்கே போர்க்காலத்தில் பசியாற்றியது.

ஹோய் ஆனில் நான்கு இரவு

விமானத்தில் டா நாங் போய், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பழைய துறைமுக ஊர். பௌர்ணமிக்கு முதல் நாள் இரவு, மின்விளக்குகளைக் குறைத்துவிட்டு ஊரே காகித விளக்குகளில் மின்னும். நம் காலண்டரோடு ஒருநாள் முன்பின் ஆகலாம். நான்கு இரவு தங்குவது அதற்காகத்தான். சுமார் 40 கிலோமீட்டரில் மி சன். சம்பா மன்னர்கள் செங்கல்லில் கட்டிய சிவன் கோயில்கள். இரண்டுமே 1999-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை.

சாப்பாடு?

அம்மா முட்டை சாப்பிடுவார், கறி, மீன் தொட மாட்டார். வியட்நாம் சமையலில் மீன் சாஸ் எதில் வேண்டுமானாலும் இருக்கும். அதனால், கற்க வேண்டிய ஒரே சொல் 'சாய்', அதாவது சைவம். அமாவாசை, பௌர்ணமியில் அங்கே பலரும் சைவம்தான். அரிசி மாவில் மஞ்சள் கலந்து சுடும் 'பான் சியோ', நம் தோசைக்குத் தங்கச்சி. 'சியோ' என்பது மாவு ஊற்றும்போது வரும் சத்தம்! சைவத்திலும் கிடைக்கும். 1946-ல் பால் தட்டுப்பாட்டின்போது ஹனோயில் பிறந்த முட்டை காபியை நாமக்கல்காரர்கள் குடிக்காமல் வரலாமா?

கவனிக்க

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல நேரம். அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆனில் வெள்ளம் வரும். இ-விசா ஆன்லைனிலேயே எடுக்கலாம். 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை தருகிறார்கள்.

இந்தத் திட்டத்தில் ஹா லாங் விரிகுடா கிடையாது. "அதைப் பாக்காம என்ன வியட்நாம்?" என்று பெரியம்மா கேட்டாராம்.

"நடக்கப்போறது அவிங்க மூட்டா, என் மூட்டா?" என்கிறார் அம்மா. பாஸ்போர்ட்டுக்குப் போன வாரம் விண்ணப்பித்துவிட்டோம்.