இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது?



வீட்டுமனை வாங்கப் போகிறவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பட்டா பார்த்தாச்சு, 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டாச்சு, டி.டி.சி.பி. அப்ரூவல் இருக்கு, வாசல் கிழக்கு என்று மூச்சு விடாமல் சொல்வார். வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியும் இருப்பார். "சரி, இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது?" என்று கேட்டால்தான் சற்று யோசிப்பார். "ஏதோ பழைய ஷெட் இருந்ததாம். இடிச்சுட்டாங்க."

வேறு ஊராக இருந்தால் அந்தப் பதிலோடு விட்டுவிடலாம். தோல் பதனிடும் ஊர்களான ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் விடமுடியுமா?

தோல் தொழிலைக் குறை சொல்ல இந்தப் பக்கத்தை எழுதவில்லை. அந்தத் தொழில் இல்லாவிட்டால் இந்த ஊர்களே இப்படி இருந்திருக்காது. ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்களின் சம்பளத்தில் எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது, எத்தனை பிள்ளைகள் காலேஜ் போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தொழில் வேறு, அது விட்டுச் சென்ற கழிவு வேறு. நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். 1970-களில் கதை மாறியது. பாதி பதனிட்ட தோலாக ஏற்றுமதி செய்யாதீர்கள், முழுதாக முடித்து அனுப்புங்கள் என்று மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. குரோம் முறை பெருகியது. அதற்கு வேண்டிய குரோமிய உப்பைத் தயாரிக்க ராணிப்பேட்டை சிப்காட்டிலேயே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற கம்பெனி 1970-களின் நடுவில் வந்தது. சுமார் 20 வருஷம் ஓடியது. 1995-இல் மூடிவிட்டார்கள்.

கம்பெனி போய்விட்டது, கழிவு போகவில்லை. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு, கம்பெனிக்குப் பின்னால் திறந்தவெளியில் மேடாகக் கிடந்தது. இதில் இருப்பது ஆறிணைதிறன் குரோமியம். தண்ணீரில் கரையும், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் கரைந்து, மஞ்சளாக நிலத்துக்குள் இறங்கியது. புளியங்கண்ணு, காரை பக்கத்துக் கிணறுகளைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகளே வந்துவிட்டன. உலகில் மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்கள் என்று அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் 2006-இல் வெளியிட்ட பட்டியலில் செர்னோபிலோடு சேர்ந்து ராணிப்பேட்டையும் இருந்தது.

ஆனாலும் எனக்கு அதிகக் கவலை இந்த மேட்டைப் பற்றி அல்ல. அது கண்ணுக்குத் தெரிகிறது. அதற்கு ஃபைல் இருக்கிறது, வழக்கு இருக்கிறது. ஃபைலே இல்லாத இடங்களுக்கு என்ன செய்வது? ஊருக்குள் நாலு தொட்டி வைத்துத் தோல் பதனிட்ட சின்ன தோல் ஷாப், அதன் சுண்ணாம்புக் குழி, கழிவுத் தண்ணீரைத் தேக்கிய மண்பள்ளம், சேற்றை அள்ளிக் கொட்டிய புறம்போக்கு... இவையெல்லாம் எந்தக் காகிதத்தில் இருக்கின்றன? பள்ளத்தில் மண்ணைக் கொட்டி, கல் நட்டு, பிளாட் போட்டுவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அடையாளமே தெரியாது. அந்த நிலத்தின் மீது இருக்கும் அடமானம் வில்லங்கச் சான்றிதழில் வரும். அதற்குள் இருக்கும் குரோமியம் வராது.

இது நமக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. வட ஆற்காட்டிலிருந்து தங்கச் சுரங்க வேலைக்குப் போன பெரியப்பா, தாத்தா உங்கள் குடும்பத்திலும் இருந்திருக்கலாம். கோலார் தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. வெட்டியெடுத்து அரைத்துக் கொட்டிய சயனைடு மேடுகள் இன்றும் அங்கேதான் நிற்கின்றன. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி வீட்டுக்குள் வந்து படிகிறது.

சுரங்க ஊர்களில் எழுதி வைக்காததால் வரும் வினையை நன்றாக அனுபவித்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். கைவிடும் நிலக்கரிச் சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அங்கே 1872-இல்தான் சட்டம் வந்தது. அதற்கு முன் தோண்டியவற்றில் பலவற்றுக்கு வரைபடமே கிடையாது. இன்றும் எங்காவது ஒரு வீட்டுத் தோட்டத்தில் திடீரென்று குழி விழுகிறது. அதனால் நிலக்கரிப் பகுதியில் வீடு வாங்கினால், கீழே சுரங்கம் உண்டா என்ற அறிக்கையை வக்கீல் முதலில் வாங்கிப் பார்ப்பது அங்கே சாதாரண வழக்கம். நமக்குப் பட்டா மாதிரி.

எழுதி வைத்தால் மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அமெரிக்காவில் நயாகரா பக்கத்தில் லவ் கெனால் என்ற இடம். கெமிக்கல் கழிவைப் புதைத்த நிலத்தை 1953-இல் ஒரு கம்பெனி பள்ளி நிர்வாகத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றது. கழிவு புதைத்திருக்கிறது என்று பத்திரத்திலேயே இருந்தது. இருந்தும் பள்ளி வந்தது, சுற்றி வீடுகள் வந்தன. 1978-இல் அவசரநிலை அறிவித்து ஜனங்களை வெளியேற்றினார்கள். பத்திரத்தில் இருப்பதை ஊர் படிக்கவும் வேண்டும்.

நம் பக்கம் கோர்ட் செய்யவேண்டியதை ஓரளவு செய்திருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தந்த தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக ஊன்றியது அந்தத் தீர்ப்பில்தான். தோல் ஷாப்புகள் இருக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்று அதிலேயே பதிவாகியிருக்கிறது. ஆனால் பாலாற்று மாசுக்காக 2025 ஜனவரி 30-இலும் அதே உச்ச நீதிமன்றம் மறுபடி கண்டிப்பான உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் 28 வருஷம் ஓடிவிட்டது.

அந்த இடைவெளியில் நடந்த ஒன்றை நாம் மறந்தே போனோம். 2015 ஜனவரி 31, விடிவதற்கு முன். ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஷாப்புக்குள் சேறு புகுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். உறவுக்காரர் யாரும் இங்கே இல்லாததால்தான் அத்தனை சீக்கிரம் மறந்தோமோ?

சரி, வீட்டுக்குள் வருவோம். பாலாற்றங்கரையில் குடியிருந்துகொண்டு, மேட்டூர்ப் பக்கமிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் குடிக்கிறோம். அதுவும் வராத நாளில் கேன் தண்ணீர். போர் தண்ணீர் பாத்திரம் கழுவ, குளிக்க, மாட்டுக்கு, முருங்கை மரத்துக்கு. ஆர்.ஓ. விற்க வருகிறவர் ஒரு டி.டி.எஸ். மீட்டரை விட்டு நம்பரைக் காட்டுகிறார். 300 என்றால் நிம்மதி, 2,000 என்றால் பயம். அந்த மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதுபோல நாலு மடங்கு இருந்தாலும் மீட்டர் நம்பர் அசையாது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. கட்டணம் கட்டித் தண்ணீரைக் கொடுக்கும்போது, குரோமியத்தையும் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். போர் போட ஆகும் செலவோடு பார்த்தால் இது பெரிய காசில்லை.

இதெல்லாம் வெளியே பேசினால் மனை விலை போகாதே என்கிற தயக்கம் இருக்கும். பெண்ணின் கல்யாணத்துக்கென்று அரை கிரவுண்டு வாங்கிப் போட்டிருப்பவருக்கு அந்தப் பயம் நியாயமானது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் யோசியுங்கள். மூடி மறைத்து விற்றவர் காசை எண்ணிக்கொண்டு போய்விட்டார். கடைசியாக வாங்கி, வீடு கட்டி, போர் போட்டுக் குடியேறுகிறவர்தான் முழு நஷ்டத்தையும் சுமக்கிறார். அது பெரும்பாலும் நம்மைப் போன்ற ஒருவர்தான், லோன் போட்டு வாங்கியவர்.

மத்திய அரசு 2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ கண்டறிந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் தர வேண்டும். பொதுமக்கள் புகார் கொடுத்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதிக்க வேண்டும். சுரங்கக் கழிவு இந்த விதிக்குள் வராது என்பதால் தங்கவயல்காரர்களுக்கு இதனால் பெரிய பயனில்லை. நமக்கு உண்டு.

அதிகாரிகள் தாமாகத் தெருத்தெருவாக வந்து தேடுவார்கள் என்று நான் நம்பவில்லை. எந்தக் குழி எங்கே இருந்தது என்பது 70 வயது தாண்டிய பழைய தோல் ஷாப் தொழிலாளிக்குத்தான் தெரியும். அவர் உங்கள் தெருவிலேயே திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவர் இருக்கும்போதே கேட்டு, சர்வே நம்பரோடு எழுதிக்கொள்ளுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் அந்தப் பட்டியலைத் தீர்மானமாக வைக்கச் சொல்லுங்கள். நகராட்சியில் குடியிருப்பவர்கள் வார்டு கவுன்சிலரிடமும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுவாகக் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். ஒரு நகலை எங்களுக்கும் அனுப்பிவையுங்கள், வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்